நினைவிருக்கும்போதே எழுதி வைப்போம்

(நமது அறக்கட்டளையின் குடும்ப நல நிகழ்ச்சியில், அஸர் தொழுகைக்குப் பின் ஆற்றப்பட்ட உரை. வர இயலாத குடும்பங்களும் பயன்பெற வேண்டும் என்பதற்காக இங்கே வெளியிடுகிறோம்.)

  

இன்று நாம் பேச வந்திருக்கும் விஷயத்தைக் கேட்டதும் சிலர் முகம் சுளிக்கலாம். "நல்லா இருக்கும்போது எதுக்கு இந்தப் பேச்சு?" என்று நிகழ்ச்சி அறிவிப்பைப் பார்த்தே ஒரு பெரியவர் கேட்டுவிட்டார். நல்லா இருக்கும்போதுதான் பேச முடியும் என்பதே இன்றைய உரையின் மொத்தச் செய்தி. சிங்கப்பூரில் எல்பிஏ என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் நீடித்த அதிகாரப் பத்திரத்தைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

முதலில் ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறோம். யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். அந்தக் குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் சொல்கிறோம்.

அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறு வியாபாரம் செய்தவர். கடன் கிடையாது. வீவக வீடு கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருந்தது. வங்கியில் போதுமான சேமிப்பு, அவர் பெயரில் மட்டும். ஒரு நாள் சுப்ஹு தொழுகைக்கு உளூச் செய்யப் போனவர் குளியலறையிலேயே விழுந்தார். பக்கவாதம். உயிர் பிழைத்தார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பேச்சு இல்லை, சொல்வது புரிகிறதா என்றும் தெரியவில்லை.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்த பிறகுதான் சிரமம் தொடங்கியது. பணிப்பெண் வைக்க வேண்டும், கட்டில் வாங்க வேண்டும், மாதாமாதம் மருந்து, டயாப்பர், பால் மாவு. பணம் வங்கியில் இருக்கிறது, எடுக்கக் கணவரின் கையெழுத்து வேண்டும். மனைவி திருமணச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனார். அங்கிருந்தவர்கள் மரியாதையாகவே பேசினார்கள். ஆனால் எல்பிஏ, அல்லது நீதிமன்ற உத்தரவு, இரண்டில் ஒன்று இல்லாமல் கணக்கைத் தொட முடியாது என்றார்கள். வீட்டை விற்றுச் சிறிய வீட்டுக்குப் போகலாம் என்று பார்த்தால் அதற்கும் அதே பதில். பாதி வீடு அவருடையது, அவருக்காகக் கையெழுத்துப் போட யாருக்கும் அதிகாரம் இல்லை.

அந்த அம்மா நம் அலுவலகத்துக்கு வந்தார். எங்கள் தொண்டூழியர் ஒருவர், "மாமி, உங்க வீட்டு நிலைமை நல்லாத்தானே இருந்துச்சு?" என்று கேட்டார். "பணம் இருக்கு தம்பி. அவருக்கு உள்ள பணம்தான். அவருக்குச் செலவு பண்ண முடியலை. கை நீட்டி வாங்க வந்திருக்கேன்" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

அன்று மாலை எங்கள் நிர்வாகக் குழு கூடியது. வங்கியில் பணம் உள்ள ஒருவருக்குச் சதக்கா நிதியிலிருந்து கொடுக்கலாமா என்று நீண்ட நேரம் பேசினோம். கடைசியில் அழகிய கடனாக மாதாமாதம் கொடுப்பது என்று முடிவானது. இதற்கிடையில் பிள்ளைகளுக்குள் மனக்கசப்பு. நீதிமன்றத்துக்கு யார் மனுப் போடுவது, வழக்கறிஞர் செலவை யார் ஏற்பது, அத்தாவின் பணத்தைக் கையில் எடுக்க அண்ணனுக்கு ஏன் இத்தனை அவசரம் என்றெல்லாம் பேச்சு வளர்ந்தது. நோன்புப் பெருநாளைக்கு ஒரே வீட்டில் கூடிச் சாப்பிட்டவர்கள், அத்தாவைப் பார்க்க வெவ்வேறு நேரங்களில் வரத் தொடங்கினார்கள்.

எட்டு மாதத்துக்குப் பிறகு நீதிமன்ற உத்தரவு வந்தது. அது வந்த மூன்றாம் வாரம் அவர் வஃபாத்தானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

யாரும் கெட்டவர்கள் இல்லை. வங்கி சட்டப்படி நடந்தது. பிள்ளைகள் அத்தாமீது பாசம் உள்ளவர்கள். ஒரு பத்திரம் மட்டும் இல்லை.

இது என்ன பத்திரம்?

ஊரில் "பவர்" எழுதிக் கொடுப்பது நமக்குப் பழக்கமானது. அந்தச் சாதாரண அதிகாரப் பத்திரத்தில் ஒரு பெரிய குறை உண்டு. கொடுத்தவர் சுயமாக முடிவெடுக்கும் ஆற்றலை இழந்துவிட்டால் அந்த அதிகாரமும் அத்துடன் முடிந்துவிடும். நமக்கு மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது செல்லாமல் போகிறது.

எல்பிஏ இதற்கு நேர்மாறானது. முடிவெடுக்கும் ஆற்றல் போன பிறகுதான் அது வேலை செய்யத் தொடங்கும். 2008-இல் நிறைவேற்றப்பட்டு 2010 மார்ச்சில் நடப்புக்கு வந்த மனவளச் சட்டம் இதற்கு வழி செய்தது. 21 வயது நிரம்பிய எவரும், தான் முழு நினைவோடு இருக்கும்போது, தான் நம்பும் ஒருவரையோ இருவரையோ நியமித்து வைக்கலாம். அவர்களும் 21 வயது நிரம்பியவர்களாக இருக்க வேண்டும்.

இரண்டு வகைப் பொறுப்புகளை ஒப்படைக்கலாம். ஒன்று, சொந்த நலன்: எங்கே வசிப்பது, யார் பராமரிப்பது, என்ன உணவு, அன்றாடப் பராமரிப்பு. மற்றொன்று, சொத்தும் பணமும்: வங்கிக் கணக்கு, கட்டணங்கள், வீடு, வாடகை. இரண்டையும் ஒருவரிடமே கொடுக்கலாம், பிரித்தும் கொடுக்கலாம். பராமரிப்பை மகளிடமும் கணக்கு வழக்கை மகனிடமும் கொடுத்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். கையெழுத்துப் போட்ட அன்றே பிள்ளைகள் கைக்கு எல்லாம் போய்விடாது. உங்களுக்கு நினைவு தெளிவாக இருக்கும் வரை நீங்கள்தான் முடிவெடுப்பவர். "அத்தா பிடிவாதம் பிடிக்கிறார், காசை வீணாக்குகிறார்" என்பதற்காகவும் யாரும் அந்த அதிகாரத்தைக் கையில் எடுக்க முடியாது. ஒருவரின் முடிவு மற்றவர்களுக்குப் புத்திசாலித்தனமாகத் தோன்றவில்லை என்பதாலேயே அவருக்கு ஆற்றல் இல்லை என்று ஆகிவிடாது. சட்டமே அப்படித்தான் சொல்கிறது. நினைவு தெளிவாக இருக்கும் வரை பத்திரத்தை ரத்துச் செய்யவும் உங்களுக்கு உரிமை உண்டு.

மார்க்கத்துக்கு முரணா?

இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. நாங்கள் ஃபத்வா கொடுப்பவர்கள் அல்லர். ஆலிம்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம்.

அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைப்பதும், கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதும் நமக்குப் புதியவை அல்ல. குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா 282, கடனை எழுதி வைப்பது பற்றியது. கடன் பட்டவர் தானே சொல்லி எழுத வைக்க இயலாத பலவீனராக இருந்தால், அவருடைய பொறுப்பாளர் நீதியோடு அதைச் செய்ய வேண்டும் என்ற கருத்தும் அதே வசனத்தில் வருகிறது. தனக்காகப் பேச முடியாத மனிதருக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும், அவர் நீதியாக நடக்க வேண்டும் என்பது நம் மார்க்கத்திலேயே உள்ள சிந்தனை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்கல் வைப்பது பற்றிய ஹதீஸை நாம் எல்லோரும் சிறுவயதிலேயே மதரசாவில் கேட்டிருக்கிறோம்.

இன்னொரு குழப்பம் பராயிள், அதாவது வாரிசுப் பங்கு பற்றியது. "மூத்தவன் பெயரில் எல்பிஏ எழுதினால் சொத்து அவனுக்குப் போய்விடுமா?" என்று கேட்கிறார்கள். போகாது. பொறுப்பேற்றவர் பணத்தை உங்கள் நலனுக்காக மட்டுமே செலவு செய்யலாம். உங்கள் பெயரில் உயில் எழுதவோ, மத்திய சேம நிதி நியமனத்தையோ காப்புறுதி நியமனத்தையோ செய்யவோ மாற்றவோ அவரால் முடியாது. உங்கள் மவுத்தோடு எல்பிஏயும் முடிந்துவிடும். அதன் பிறகு கடன் அடைப்பதும் வஸிய்யத்தும் ஷரியா நீதிமன்றத்தின் வாரிசுச் சான்றிதழும் எப்போதும்போல நடக்கும். எல்பிஏ உயிரோடு இருக்கும் காலத்துக்கு, வஸிய்யத் அதற்குப் பிந்திய காலத்துக்கு. ஒன்று இருப்பதால் மற்றொன்று வேண்டாம் என்று ஆகாது.

மனதுக்கு ஆறுதலான இன்னொரு செய்தி: பொறுப்பேற்றவர் உங்களுக்காகத் திருமணத்துக்குச் சம்மதம் தெரிவிக்கவோ, உங்கள் மதத்தை மாற்றவோ, உங்கள் பெயரில் வாக்களிக்கவோ சட்டம் இடமளிக்கவில்லை. உயிர்காக்கும் சிகிச்சையைப் பற்றிய முடிவும் அவர் கையில் இல்லை. மருத்துவர்களே முடிவு செய்வார்கள்.

யாரை நியமிப்பது?

எல்லாவற்றையும்விட இதில்தான் நிதானம் தேவை. நம் சமூகத்தில் பழக்கப்படி மூத்த மகன் பெயர்தான் முதலில் வரும். அவர் தகுதியானவராக இருந்தால் நல்லதுதான். ஆனால் மூத்தவர் என்பது மட்டும் தகுதி ஆகாது. நாணயமானவரா, கணக்கு எழுதி வைப்பாரா, கோபத்தில் முடிவெடுக்காதவரா, வேண்டிய நேரத்தில் வந்து நிற்கக்கூடியவரா என்று பாருங்கள். அன்றாடம் உங்களைக் கவனிப்பவர் மகளாக இருந்தால் மகளை நியமிக்க என்ன தடை? கடனில் சிக்கியிருக்கும் பிள்ளையிடம் பணப் பொறுப்பைக் கொடுப்பது அவருக்கும் சோதனை, உங்களுக்கும் ஆபத்து. நொடித்துப் போனவராக அறிவிக்கப்பட்டவர் சொத்துப் பொறுப்பை ஏற்கவே முடியாது.

இருவரை நியமித்தால், எல்லா முடிவையும் சேர்ந்தே எடுக்க வேண்டுமா, தனித்தனியாகவும் எடுக்கலாமா என்பதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். சேர்ந்தே என்றால் பாதுகாப்பு அதிகம். ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் வேலை நின்றுபோகும். தனித்தனியாக என்றால் வேகம் உண்டு. இருவரிடையே நம்பிக்கை இருக்க வேண்டும். நியமித்தவர் உங்களுக்கு முன்பே காலமாகிவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு, மாற்றுப் பொறுப்பாளர் ஒருவரையும் குறிப்பிட்டு வைக்கலாம். வாழ்க்கைத் துணையைப் போட்டிருந்து பின்னர் மணவிலக்கு ஏற்பட்டால் அந்த நியமனம் செல்லாமல் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஏமாற்றப்படுவோமோ என்ற அச்சம் நியாயமானது. வசதியான மூதாட்டி ஒருவரின் நம்பிக்கையைப் பெற்று, அவருடைய எல்பிஏயில் தன் பெயரையே சேர்க்க வைத்த முன்னாள் சுற்றுலா வழிகாட்டி ஒருவரின் வழக்கைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். அந்தப் பத்திரம் 2014-இல் ரத்தானது. 11 லட்சம் வெள்ளியைக் கையாடிய குற்றத்துக்கு அவருக்கு விதிக்கப்பட்ட ஆறாண்டுச் சிறைத் தண்டனையை 2017-இல் உயர் நீதிமன்றம் ஒன்பது ஆண்டாக உயர்த்தியது. அந்த வழக்கு நமக்குச் சொல்லும் பாடம், எல்பிஏ எடுக்காதீர்கள் என்பதல்ல. அவசரப்பட்டு, தனிமையில், குடும்பத்துக்குத் தெரியாமல் எடுக்காதீர்கள் என்பதே. பத்திரத்திலேயே சில பூட்டுகளைப் போட வழி இருக்கிறது. குடியிருக்கும் வீட்டை நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்கக்கூடாது என்று குறிப்பிடலாம். உங்கள் பணத்திலிருந்து பிறருக்கு அன்பளிப்புக் கொடுக்கலாமா என்பதையும் நீங்களே முடிவு செய்யலாம்.

இந்த அன்பளிப்பு விஷயம் நமக்கு முக்கியம். நீங்கள் அனுமதி எழுதி வைக்காவிட்டால், உங்கள் பணத்திலிருந்து சதக்கா கொடுக்கவோ ஊர்ப் பள்ளிவாசலுக்கு வழக்கமாக அனுப்புவதை அனுப்பவோ பொறுப்பாளரால் முடியாமல் போகலாம். சுயநினைவை இழந்தவரின் செல்வத்துக்கு ஜகாத் உண்டா என்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஷாஃபி மத்ஹபில் அது கடமை, பொறுப்பாளர் செலுத்த வேண்டும். ஹனஃபி மத்ஹபில் பணத்துக்கும் வணிகப் பொருளுக்கும் கடமை இல்லை. நம் ஜமாஅத்தில் இரண்டு மத்ஹபினரும் இருக்கிறோம். ஆகவே உங்கள் ஆலிமிடம் கேட்டு, உங்கள் விருப்பத்தைப் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

எப்படி எடுப்பது?

பெரும்பாலான குடும்பங்களுக்குப் படிவம் 1 போதும். தனிப்பட்ட நிபந்தனைகள் நிறைய இருந்தால் படிவம் 2. அதற்கு வழக்கறிஞர் எழுத வேண்டிய பகுதி உண்டு. 2022 நவம்பர் முதல் பொதுக் காப்பாளர் அலுவலகத்தின் இணையத்தளத்தில் சிங்பாஸ் மூலம் விண்ணப்பிக்க முடிகிறது. நீங்கள் விவரங்களை நிரப்புவீர்கள். நியமிக்கப்பட்டவர்கள் தங்கள் சிங்பாஸ் மூலம் சம்மதம் தெரிவிப்பார்கள். அடுத்து, சான்றளிப்பவர் ஒருவரை நேரில் பார்க்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற மருத்துவர், வழக்கறிஞர், மனநல மருத்துவர் ஆகிய மூவரில் ஒருவர் அவர். உங்களுக்கு விவரம் புரிகிறதா, யாரும் வற்புறுத்துகிறார்களா என்று அவர் கேட்டறிவார். அதன் பின் பதிவுக்குப் போகும். ஆட்சேபம் தெரிவிக்க மூன்று வாரக் காத்திருப்புக் காலம் உண்டு.

குடிமக்களுக்குப் படிவம் 1-இன் விண்ணப்பக் கட்டணம் பல ஆண்டுகளாகத் தள்ளுபடி செய்யப்பட்டு வந்திருக்கிறது. சான்றளிப்பவருக்கான கட்டணம் இடத்துக்கு இடம் மாறும்; முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். நீதிமன்றத்தில் மனுப் போட வழக்கறிஞர் வைத்தால் ஆயிரக்கணக்கில் செலவாகும். அதோடு ஒப்பிட்டால் இது ஒரு வார மளிகைச் செலவு.

தள்ளிப்போட்டால்?

மனநலக் கழகம் 2013-இல் நடத்திய ஆய்வில், சிங்கப்பூரில் 60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு முதுமை மறதி நோய் இருப்பது தெரியவந்தது. அந்த நோய் மெல்ல வரும். எங்களிடம் வந்த ஒரு சகோதரி, தன் உம்மாவை மூன்று முறை சான்றளிப்பவரிடம் அழைத்துப் போக நாள் குறித்து மூன்று முறையும் தள்ளிப்போட்டார். நாலாவது முறை போனபோது, எதற்கு வந்திருக்கிறோம் என்று மருத்துவர் கேட்டதற்கு, "என் மகளுக்குக் கல்யாணம் பேச" என்றார் உம்மா. அந்த மகளுக்கு அப்போது 52 வயது. மருத்துவரால் சான்றளிக்க முடியவில்லை. அவர் செய்தது சரியே.

ஆனால் நோயின் தொடக்கத்தில் இருப்பவர்கள் நம்பிக்கை இழக்க வேண்டாம். நோய் இருக்கிறது என்ற காரணத்தால் மட்டும் ஒருவர் தகுதி இழப்பதில்லை. பத்திரம் என்ன, யாரை நியமிக்கிறோம், அதனால் என்ன ஆகும் என்பது அந்த நேரத்தில் புரிந்தால் போதும். அப்படிப்பட்டவர்கள் ஒரு வாரம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அந்தப் பிள்ளைகளில் முடிவெடுக்கும் ஆற்றல் இல்லாதவர்களால் எல்பிஏ எடுக்க முடியாது. அவர்களுக்காக நீங்கள் நீதிமன்றத்தின் வழியாகப் பிரதிநிதியாக நியமனம் பெற வேண்டும். சிறப்புக் கல்விப் பள்ளிகள் வழியாக உதவித் திட்டம் இருக்கிறது; பள்ளியில் கேளுங்கள்.

ஊரில் உள்ள சொத்து

நம்மில் பலருக்குத் தமிழ்நாட்டில் வீடோ மனையோ வங்கிக் கணக்கோ உண்டு. இங்கே எடுக்கும் எல்பிஏயைக் காட்டி அங்கே வேலை முடித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். ஊரில் கொடுத்த பவர் பத்திரமும் காப்பாற்றாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, கொடுத்தவர் மனநலம் இழந்தால் முகவரின் அதிகாரம் முடிந்துவிடும். அங்கே நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும். கோமாவில் இருந்த கணவரின் சிகிச்சைச் செலவுக்காக அவருடைய சொத்தை விற்க, 2024-இல் ஒரு மனைவி சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் அனுமதி பெற்றார். ஆகவே ஊர்ச் சொத்தில் செய்ய வேண்டிய பாகப்பிரிவினை, ஹிபா, பெயர் மாற்றம் எதையும் நினைவும் நடையும் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். குறைந்தது, பத்திரங்கள் எங்கே இருக்கின்றன என்பதையாவது ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

காகிதத்துக்கு அப்பால்

பத்திரம் எடுப்பதோடு வேலை முடிவதில்லை. பொறுப்பேற்பவருக்கு உங்கள் மனம் தெரிய வேண்டும். பராமரிப்பு இல்லத்துக்குப் போக நேர்ந்தால் ஹலால் உணவு, தொழுகை நேரத்தில் உளூச் செய்ய உதவி, பெண்களைப் பெண்களே குளிப்பாட்டுவது, குர்ஆன் ஓதுவது காதில் விழுவது என்று நமக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு சாப்பாட்டுக்குப் பின் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லுங்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கேட்கட்டும். யாரை, ஏன் நியமித்தீர்கள் என்று உங்கள் வாயிலிருந்தே வந்தால் பின்னாளில் சண்டைக்கு இடம் குறையும். மருத்துவப் பராமரிப்பைப் பற்றிய விருப்பங்களை முன்கூட்டியே பேசிப் பதிவு செய்யும் திட்டம் மருத்துவமனைகளிலும் இருக்கிறது. அதையும் விசாரியுங்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒன்று. அத்தா அம்மாவிடம் படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்காதீர்கள். முதலில் உங்களுக்கு நீங்கள் எடுங்கள். விபத்துக்கு வயது தெரியாது. "நான் எடுத்துட்டேன் அத்தா, நீங்களும் எடுத்தா எனக்கு நிம்மதி" என்று சொல்லிப் பாருங்கள். சகோதரிகளே, வீட்டுக்காரர் எடுத்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் பெயரிலும் கணக்கு இருக்கிறது, வீட்டில் பாதி இருக்கிறது, உங்கள் உடல்நலமும் அமானிதம்தான்.

கடைசியாக எங்களைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுகிறோம். அந்த அம்மாவின் விஷயத்தைப் பேசிய அன்று எங்கள் குழுவில் ஒன்பது பேர் இருந்தோம். இத்தனை ஆண்டுகள் ஊருக்கு நல்லது சொன்ன எங்களில் எல்பிஏ எடுத்திருந்தவர்கள் இரண்டே பேர். வெட்கமாக இருந்தது. அடுத்த இரண்டு மாதத்தில் மீதி ஏழு பேரும் எடுத்து முடித்தோம். அதன் பிறகே உங்கள் முன் வந்து நிற்கிறோம்.

அந்த அம்மாவும் தனக்கு எடுத்துவிட்டார். பிள்ளைகள் மூவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, மகளையும் இளைய மகனையும் நியமித்தார். மூத்தவர் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. வாங்கிய கடனைக் கடைசி வெள்ளி வரை திருப்பிக் கொடுத்துவிட்டு, "அடுத்த கூட்டத்துல எங்க கதையைச் சொல்லுங்க தம்பி" என்றார். சொல்லிவிட்டோம்.

சிங்பாஸ் பயன்படுத்தத் தெரியாத பெரியவர்களுக்கு நம் தொண்டூழியர்கள் அலுவலகத்தில் உதவுவார்கள். அடையாள அட்டையோடும், நீங்கள் நியமிக்க நினைப்பவரோடும் வாருங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் தெளிந்த அறிவையும் நல்ல முடிவையும், நமக்குப் பின்னும் ஒற்றுமையாக இருக்கும் பிள்ளைகளையும் தந்தருள்வானாக. ஆமீன்.